பருப்பு வேகும் தண்ணீர்

மான்செஸ்டர் குழாய்த் தண்ணீரில் துவரம் பருப்பு சீக்கிரம் வெந்துவிடும். இதைக் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை. கோடைக்கு ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, வந்த இரண்டாம் நாளே குக்கரைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார். லண்டனில் குடியிருந்தபோது கெட்டிலுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். வினிகர் ஊற்றிச் சுரண்டிக்கொண்டே இருப்போம். இங்கே வந்து ஆறு வருடமாக அந்த வேலை இல்லை. ஏன் இல்லை என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அம்மாவுக்குத் தோன்றியது. "ஏங்கண்ணு, இது எந்த ஆத்துத் தண்ணி?"

அம்மா மேட்டூர்க்காரர். காலையில் பேப்பர் வந்தால் அணை நீர்மட்டத்தைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். ஆறு இல்லைம்மா, ஏரி. வடக்கே லேக் டிஸ்ட்ரிக்ட் என்று மலைப்பகுதி இருக்கிறது, அங்கிருந்து குழாயில் வருகிறது என்றேன். அப்படியானால் அதைப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். இத்தனைக்கும் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைக்காமல் ஒரு வாய் குடிக்க மாட்டார்.

ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். வண்டி ஓட்டியது மனைவி. எனக்கு வேலை, முன்சீட்டில் உட்கார்ந்து வழி சொல்வதும் திட்டு வாங்குவதும்.

லேக் டிஸ்ட்ரிக்ட் கம்ப்ரியா மாவட்டத்தில் இருக்கிறது. 1951-இல் தேசியப் பூங்கா ஆனது. 2017-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெயரில் லேக் இருந்தாலும் அங்குள்ள ஏரிகளில் ஒன்றே ஒன்றைத்தான் லேக் என்பார்கள், பாசன்த்வெயிட் லேக். மற்றவை மியர் அல்லது வாட்டர். மலை மேல் சின்னதாகத் தேங்கி நிற்பது டார்ன். பழைய நார்ஸ் மொழி கொடுத்த சொல். ஏரி, குளம், கண்மாய், குட்டை, ஊருணி, தாங்கல் என்று பிரித்துச் சொல்லிப் பழகிய நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. டார்னின் படத்தைப் போனில் காட்டியதும் அம்மா "குட்டை" என்றார். சரியான மொழிபெயர்ப்பு அதுதான்.

முதலில் விண்டர்மியர். எல்லாரும் போகிற இடம் என்பதால் நாங்களும் போனோம், அதுதான் தப்பு. இங்கிலாந்தின் மிகப் பெரிய இயற்கை ஏரி, 17 கிலோமீட்டர் நீளம். ஆனால் போனெஸ் ஊரின் படித்துறையில் நின்றால் தெரிவது ஐஸ்கிரீம் வரிசையும் வாத்துகளும்தான். வண்டி நிறுத்த இடம் தேடி முக்கால் மணி நேரம். கிடைத்த இடத்தில் இருந்த மெஷின் காசு வாங்காது, ஆப்பில் கட்டு என்றது. ஆப் இறங்க சிக்னல் இல்லை. சிக்னல் தேடி மனைவி மேட்டில் ஏற, மெஷினுக்குப் பக்கத்தில் நான் காவல் நிற்க, அம்மா ஏரியைப் பார்த்த நேரத்தைவிட எங்களைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

1847-இல் விண்டர்மியருக்கு ரயில் வந்தது. வரக்கூடாது, வந்தால் கூட்டம் வந்து இடத்தைக் கெடுத்துவிடும் என்று அதற்கு முன்பே எதிர்த்தவர் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த். படிக்கும்போது மேட்டிமைப் பேச்சாகத் தோன்றியது. அன்று மதியம் அந்த வரிசையில் நின்றபோது, மனுஷன் சொன்னதில் தப்பில்லையோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அங்கிருந்து ஏ591 சாலையில் கிராஸ்மியர். வேர்ட்ஸ்வொர்த்தின் கல்லறை தேவாலய வளாகத்தில், ஆற்றோரமாக, ரொம்ப எளிமையாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் டாஃபடில் பூக்களைப் பற்றிய அவர் கவிதையை மனப்பாடம் செய்து ஒப்பித்த தலைமுறை நான். அந்தப் பூ எப்படி இருக்கும் என்றே அப்போது தெரியாது. ஆகஸ்டில் போனதால் இப்போதும் பார்க்கவில்லை. அது ஏப்ரல் பூ. கல்லறைக்குப் பக்கத்திலேயே 1854-இலிருந்து நடக்கிற ஜிஞ்சர்பிரெட் கடை. பிஸ்கட்டும் இல்லை, கேக்கும் இல்லை, வாயில் போட்டால் மணலாக உதிர்கிறது. அம்மா ஒரு துண்டு மென்றுவிட்டு, "நம்ம இஞ்சி மொரப்பா இன்னும் கொஞ்சம் காரமா இருக்கும்" என்றார். ஆனாலும் இரண்டு பொட்டலம் வாங்கச் சொன்னார்.

டன்மெயில் ரெய்ஸ் என்ற கணவாயைத் தாண்டி இறங்கினால் தேர்ல்மியர். எங்கள் தண்ணீரின் முதல் ஊர். 19-ஆம் நூற்றாண்டில் மான்செஸ்டர் பஞ்சாலைகளால் வீங்கியபோது, நகராட்சி இந்தப் பள்ளத்தாக்கை விலைக்கு வாங்கி, அணை கட்டி, ஏரியை 50 அடி உயர்த்தியது. கரையோரக் குடியிருப்புகள் மூழ்கின. 1894-இல் தண்ணீர் மான்செஸ்டரை அடைந்தது. என்னை அசத்தியது அணையைவிட அந்தக் கால்வாய்தான். 154 கிலோமீட்டர் தூரம், வழியில் ஒரு பம்ப் கூட இல்லை. சுரங்கமும் மூடிய வாய்க்காலும் குழாயுமாக, நிலத்தின் சாய்வை மட்டும் நம்பித் தண்ணீர் இறங்கிப் போகிறது. ஒரு நாளுக்கு மேல் ஆகுமாம், வந்து சேர.

சுற்றிலும் ஊசியிலை மரங்கள் அடர்ந்து இருட்டிக் கிடக்கிறது. தண்ணீர் கெட்டுவிடும் என்று வெகுகாலம் பொதுமக்களைக் கரைக்கே விடவில்லை. இப்போது விடுகிறார்கள், ஆனாலும் ஆள் இல்லை. மேற்குக் கரையில் கல்லின்மேல் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். எதிர்ச்சரிவில் ஹெர்ட்விக் ஆடுகள். இந்த இனம் பிறக்கும்போது கறுப்பு, வளர வளரச் சாம்பல் நிறமாக வெளுத்துவிடும். சொன்னதும் அம்மா, "ஆட்டுக்கே நரைக்குதா இந்தக் குளிருல" என்று சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

இரவு அல்ஸ்வாட்டர் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் தங்கினோம். என்னைக் கேட்டால் லேக் டிஸ்ட்ரிக்டில் ஒரே ஒரு ஏரிதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் நீளம், இரண்டு இடத்தில் வளைகிறது. அதனால் எங்கே நின்றாலும் முழு ஏரி தெரியாது. மறுநாள் காலை கிளென்ரிட்டிங்கில் படகு ஏறினோம். ஸ்டீமர் என்பது பெயரில் மட்டும். இப்போது ஓடுவது டீசலில். ஆனால் இங்கே ஓடுகிற படகுகளில் ஒன்றான லேடி ஆஃப் தி லேக் 1877-இல் தண்ணீரில் இறங்கியது. தூறல். மேல்தளத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரு நாயும் அதன் சொந்தக்காரரும். மேகம் மலையின் பாதிக்கு இறங்கியிருந்தது, வளைவு திரும்பும்போது ஒரு சரிவில் மட்டும் வெயில் விழுந்து பச்சை பளிச்சென்று எழும்பி உடனே அணைந்தது. போட்டோவில் வரவில்லை.

இந்த ஏரியையும் மான்செஸ்டர் கேட்டது. 1962 பிப்ரவரியில் அந்த மசோதா பிரபுக்கள் அவைக்கு வந்தபோது, இந்தப் பகுதியில் பிறந்த நீதிபதி நார்மன் பிர்க்கெட் எழுந்து எதிர்த்துப் பேசினார். அவை அவர் பக்கம் நின்றது. இரண்டு நாளில் அவர் இறந்துபோனார். ஏரிக்கு மேற்கே இருக்கிற ஒரு மலைக்கு இன்று அவர் பெயர். சில வருடங்களிலேயே வேறொரு திட்டம் அனுமதி வாங்கிவிட்டது: அணை கிடையாது, பம்ப் நிலையம் பூமிக்கடியில், கண்ணுக்குத் தெரியாது. ஆக அல்ஸ்வாட்டரையும் நாங்கள் குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஏரியைப் பார்த்தால் தெரியாது, அவ்வளவுதான்.

பூலி பிரிட்ஜில் இறங்கினோம். அங்கே 1764-இல் கட்டிய கல்பாலம் 2015 டிசம்பர் புயல் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது எஃகுப் பாலம். பஸ் பிடித்துத் திரும்பி, காரை எடுத்துக்கொண்டு, மான்செஸ்டருக்குத் தண்ணீர் தரும் இன்னொரு ஏரியான ஹாஸ்வாட்டருக்குக் கிளம்பும்போது மணி ஒன்று.

ஹாஸ்வாட்டருக்குப் போகும் பாதை குறுகல். எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். மனைவி இரண்டு முறை போனார், இரண்டு முறையும் நான் வாயைத் திறக்கவில்லை. வழியில் பர்ன்பேங்க்ஸ், அணை கட்டிய தொழிலாளர்களுக்காக உருவாக்கிய குடியிருப்பு. அங்கே இறங்கி மரங்களுக்கு நடுவே நடந்தால் அணை.

அம்மா முதலில் பதினாறு கண் மதகு மாதிரி எதையோ தேடினார். இல்லை. அப்புறம், "எத்தனை அடி?"

"பழைய ஏரியை 95 அடி உசத்தியிருக்காங்கம்மா."

"எத்தனை டிஎம்சி?"

இந்தக் கேள்வியை இங்கிலாந்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். போனில் கணக்குப் போட்டேன். கொள்ளளவு சுமார் 8,400 கோடி லிட்டர். வகுத்தால் மூன்று டிஎம்சி. மேட்டூர் 93.47. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உதட்டை மட்டும் லேசாகப் பிதுக்கினார்.

சாலை ஏரியின் தென்கோடியில், மார்டேல் ஹெட் என்ற இடத்தில், அப்படியே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நடைதான். மழை குறைந்த கோடை என்பதால் தண்ணீர் இறங்கியிருந்தது. கரையில் பாளம் பாளமாக வெடித்த சேறு. அதன் மேல் கல்லடுக்குச் சுவர்கள், வரப்பு போல, நேராக இறங்கித் தண்ணீருக்குள் போயின. இரண்டு சுவருக்கு நடுவே போன வண்டிப்பாதை இன்னும் பாதையாகவே தெரிந்தது. அணைநீரில் மூழ்கிய மார்டேல் கிரீன் என்ற ஊர் இது. 1984, 1995 போன்ற வறட்சி வருடங்களில் நன்றாகவே வெளியே வந்ததாம்.

அணைக்கு 1919-இல் நாடாளுமன்றம் அனுமதி தந்து, 1929-இல் வேலை தொடங்கியது. 1935 ஆகஸ்ட் 18 அன்று ஊர்த் தேவாலயத்தில் கடைசி ஆராதனை. சின்னக் கட்டடம், உள்ளே இடம் கிடைக்காத கூட்டம் வெளியே நின்று ஒலிபெருக்கியில் கேட்டது. பிறகு கல்லைப் பிரித்து எடுத்து ஏரிக்குள் தண்ணீர் எடுக்கும் கோபுரத்துக்குப் பயன்படுத்தினார்கள். கல்லறைகளைத் தோண்டி 97 பேரின் எச்சங்களை ஷாப் என்ற ஊருக்குக் கொண்டுபோய் மறுபடி புதைத்தார்கள். மிச்சமிருந்த வீடுகளை ராணுவப் பொறியாளர்கள் வெடிவைத்துப் பயிற்சி செய்து தகர்த்தார்கள்.

நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வர, அம்மா ஒரு சுவரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மாயி ஊரும் இப்படித்தான்" என்றார்.

அம்மாயி, என் அம்மாவின் அம்மா, ஆறு வயதில் ஊரைவிட்டு வந்தவர். மேட்டூர் அணை திறந்தது 1934 ஆகஸ்டில். மார்டேலின் கடைசி ஆராதனைக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு. அங்கேயும் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடியில் நந்தி தலை தெரியும், பழைய தேவாலயத்தின் கோபுரம் தெரியும். பரிசல் பிடித்துப் போய்ப் பார்ப்போம். எனக்கு அது சின்ன வயதில் சுற்றுலா. அம்மாயி ஒருமுறை கூட வந்ததில்லை என்பது அன்று அம்மா சொல்லித்தான் தெரியும்.

"ஏம்மா வரல?"

"கோவிலு தெரியும். வீடு தெரியாதே. மண்ணு வீடு. கரைஞ்சு போயிருக்கும்ல." கல்லைத் தட்டினார். "இவங்களுக்குக் கல்லு. நின்னுருக்குது."

சேற்றுக்குள் இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம் என்று நான் இறங்கினேன். முழங்கால் அளவுக்குப் புதைந்து, ஒரு ஷூவை விட்டுவிட்டு, மனைவியின் கையைப் பிடித்து ஏறினேன். புதைமண் ஜாக்கிரதை என்று பலகை இருந்ததை ஏறிய பிறகு பார்த்தேன். அம்மா சிரித்த சிரிப்பில் எதிர்க்கரை ஆடுகள் நிமிர்ந்தன.

திரும்பும் வழியில் ஷாப்பில் அந்தக் கல்லறைகளைத் தேடலாம் என்று நினைத்திருந்தோம். ஒற்றை ஷூவோடு யாரும் தேவாலயத்துக்குப் போவதில்லை என்று அம்மா தடுத்துவிட்டார். எம்6 நெடுஞ்சாலையில் வழக்கம்போல் நெரிசல். வீடு வந்து சேர ஒன்பதரை.

உள்ளே நுழைந்ததும் அம்மா நேராகச் சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பாத்திரத்தில் பிடித்து, கொதிக்க வைக்க அடுப்பில் ஏற்றினார்.