ரெயூனியனில் பழைய சாமான் வாங்கியதும் விற்றதும்

இந்தியப் பெருங்கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் மாதமே கடைகளில் விலைச்சீட்டைப் பார்த்து மலைத்துப்போவார்கள். இங்கே டிவிஏ என்கிற விற்பனை வரி 8.5 சதவீதம்தான், பிரான்சில் 20. ஆனாலும் ஃபிரிட்ஜ், கட்டில், குழந்தைத் தள்ளுவண்டி எல்லாமே அங்கேயுள்ள விலையைத் தாண்டித்தான் நிற்கும். 9,000 கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்து லெ போர் துறைமுகத்தில் இறங்குகிற சாமானுக்குக் கப்பல் கூலி ஏறுகிறது. அதன்மேல் ஒக்துருவா தெ மேர் என்கிற கடல் வரி வேறு. காரைக்காலிலிருந்து பெட்டி படுக்கையோடு மட்டும் வந்த எங்களைப் போன்ற குடும்பத்துக்கு வீட்டை நிரப்பிக்கொடுத்தவை பழைய சாமான் சந்தைகள்தான். ஊர் மைதானத்தில் நடந்தால் வீத் கிரெனியே, வீட்டிலேயே விற்றால் வீத் மேசோன். இரண்டிலும் வாங்கியிருக்கிறேன், வீட்டு கராஜைத் திறந்து விற்றும் பார்த்துவிட்டேன். இப்போது யாராவது கேட்டால் முதலில் நாள்காட்டியைப் பார்க்கச் சொல்கிறேன். என்ன விலை, எந்த ஊர் என்பதெல்லாம் அப்புறம்தான்.

இங்கே பள்ளி ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில் முடிகிறது, ஆகஸ்டு நடுவில் அடுத்த ஆண்டு தொடங்குகிறது. பிரான்சிலிருந்து சில வருடப் பணிக்கு வந்த ஆசிரியர்கள், ழாந்தார்மாரி போலீஸ்காரர்கள், ராணுவத்தினர் பலர் இந்த இடைவெளியில்தான் வீட்டைக் காலி செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். விமான டிக்கெட் கையில் இருக்கும், வீட்டுச் சாவியை ஒப்படைக்கும் தேதியும் குறித்தாகிவிட்டது. அலமாரியைக் கப்பலில் ஏற்றினால் அலமாரியைவிடக் கூலி அதிகம். ஆகவே ஜூன் கடைசியில் 200 யூரோ சொன்ன சாப்பாட்டு மேசையை ஜூலை முதல் வாரத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஆகஸ்டில் புது ஆட்கள் வந்து இறங்குவார்கள். அவர்களுக்குக் கரண்டி முதல் கட்டில்வரை எல்லாம் வேண்டும். அதனால் பெரிய சாமானை ஜூலையில் வாங்கு, ஆகஸ்டில் விற்றுவிடு. பக்கத்து வீட்டு அக்கா வந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது, இன்றுவரை பொய்த்ததில்லை.

வாங்கும்போது சாமான் தீவின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டுக்கொள்வேன். மேற்கே சேன் ஜில் பக்கம் வெயிலும் உப்புக்காற்றும். நாங்கள் இருக்கிற சேன் ஆந்த்ரே கிழக்கு, மழைப் பக்கம். மேற்கே கடலோர வீட்டுச் சாமானில் துரு பார்க்க வேண்டும், கிழக்கே பூஞ்சை. எங்கள் ஃபிரிட்ஜை வாங்கப் போன வீட்டில் முன்பக்கம் கண்ணாடிபோலத் துடைத்து வைத்திருந்தார்கள். நான் சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்கம் காட்டச் சொன்னேன். கீழே கம்ப்ரெசரைத் தாங்கும் தகட்டில் லேசாகத் துரு இருந்தது, ஆனால் குழாய்கள் சுத்தம். அப்புறம் ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி மெதுவாக இழுத்துப் பார்த்தேன். மேலே பிடித்துக்கொண்டது, கீழ்மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். விற்ற அம்மாள் மறுபேச்சில்லாமல் 30 யூரோ குறைத்தார். நிற்க வைத்தே வண்டியில் ஏற்றிக் கட்டிக் கொண்டுவந்து, சில மணி நேரம் அசையாமல் விட்டுவிட்டுத்தான் பிளக்கைச் செருகினோம். இந்த மலைப்பாதை வளைவுகளில் ஃபிரிட்ஜைப் படுக்க வைத்துக் கொண்டுபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மர அலமாரிக்கு வேறு சோதனை. இந்தத் தீவின் மலைக்காடுகளில் மட்டும் வளர்கிற தாமரேன் மரத்தில் செய்த பழைய அலமாரி கிடைத்தால் விடக்கூடாது, அதன் நிறமும் வரியும் அவ்வளவு அழகு. ஆனால் கரையானுக்கு அழகு தெரியாது. அலமாரிக்கு அடியில் மணல்போலக் குறுநைத் துகள்கள் கொட்டிக்கிடந்தால் உள்ளே ஆள் குடியிருக்கிறது. கால்களின் அடிப்பாகத்தை நகத்தால் அழுத்திப் பார்ப்பேன், பக்கங்களை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுப்பேன். வெற்றுச் சத்தம் வந்தால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன், எத்தனை மலிவாக இருந்தாலும் சரி. வீட்டில் இருக்கிற மற்ற மரச்சாமானையும் அது தின்றுவிடும். மெத்தை, காரில் மாட்டும் குழந்தை இருக்கை, ஹெல்மெட் மூன்றையும் பழையதில் தொடுவதே இல்லை. இருக்கையும் ஹெல்மெட்டும் விபத்தில் அடிபட்டவையா என்று வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கேஸ் அடுப்பு வாங்கலாம், ஆனால் ரப்பர் குழாயில் மாற்ற வேண்டிய தேதி அச்சிட்டிருக்கும், அதைப் படிக்காமல் அடுப்பை மூட்டக்கூடாது.

விற்பதற்கு வருகிறேன். நம் வீட்டுக் கராஜ், நம் சாமான், யாரைக் கேட்க வேண்டும் என்று நினைப்போம். பிரெஞ்சுச் சட்டம் அப்படி விடாது. வியாபாரி அல்லாத ஒருவர் இப்படிப்பட்ட விற்பனைகளில் வருடத்துக்கு 2 முறைதான் விற்கலாம். அதுவும் தான் பயன்படுத்திய சொந்தச் சாமானை மட்டும். புதுச்சரக்கு வாங்கி வைத்து விற்கக்கூடாது. தனியார் இடத்தில் நடத்துவதானால் குறைந்தது 15 நாள் முன்பாக மேரி என்கிற நகராட்சி அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தபாலில் அனுப்பினால் ஏற்புச்சீட்டோடு பதிவுத்தபால், நேரில் கொடுத்தால் ரசீது. நான் நேரில் போய்க் கொடுத்தேன். அடையாள அட்டை நகல், விற்கும் இடம், தேதி, என்ன வகைச் சாமான், அவ்வளவுதான். அந்த ரசீதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்பனை நாளன்று மேசைமேல் வைத்தேன். ஊர் வீத் கிரெனியேயில் இடம் எடுத்தால் இந்த வேலையை நடத்துகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் பதிவேட்டில் எழுதுவார்கள், 2 முறைக்கு மேல் விற்கவில்லை என்று உறுதிமொழியில் கையெழுத்து வாங்குவார்கள். முடிந்தபின் பதிவேடு பிரெஃபெக்சர் என்கிற அரசு நிர்வாக அலுவலகத்துக்குப் போகும். திருட்டுச் சாமான் கைமாறாமல் இருக்கத்தான் இத்தனை ஏற்பாடும், எனக்கு இதில் முழு உடன்பாடு.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். என் வீட்டுக்காரர் முந்தைய வெள்ளியே வங்கியில் சில்லறை மாற்றி வந்தார். விடியற்காலையில் வருகிறவர் முதல் பொருளுக்கே 50 யூரோ நோட்டை நீட்டுவார் என்று தெரிந்துதான். காசோலை வாங்குவதில்லை என்று அட்டை எழுதி ஒட்டினோம். குழந்தைத் துணிகளை வயதுவாரியாகப் பிரித்துப் பெட்டி பெட்டியாக வைத்தோம். இப்படி வைத்தால் வருகிறவர்கள் நின்று பொறுமையாகப் பார்க்கிறார்கள், குவித்துப்போட்டால் ஒரு பார்வையோடு போய்விடுகிறார்கள்.

இருட்டு விலகவில்லை, கராஜ் கதவை முழுசாகக்கூடத் தூக்கவில்லை, டார்ச்சோடு இருவர் உள்ளே வந்துவிட்டார்கள். வாங்கி விற்கும் பழஞ்சாமான் வியாபாரிகள். பெட்டிகளை அவர்களே திறந்தார்கள். பித்தளைக் குடம், ஒரு ஜோடி குத்துவிளக்கு, பழைய தையல் மெஷின் மூன்றையும் ஒதுக்கி வைத்து மொத்தமாக 50 யூரோ என்றார்கள். முதல் போணி என்பதால் மனசு கொஞ்சம் ஆடத்தான் செய்தது. ஏழு மணிக்குத் தொடங்குகிறோம், அப்போது வாருங்கள் என்று என் வீட்டுக்காரர் மரியாதையாகச் சொல்லிக் கதவைப் பாதி இறக்கிவிட்டார்.

அது நல்லதாகப் போயிற்று. எட்டு மணிவாக்கில் வயதான ஒரு மல்பார் அம்மா பேத்தியோடு வந்தார். 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த நம் ஊர்க்காரர்களின் வழி வந்தவர்களை இங்கே மல்பார் என்பார்கள். அவருக்குத் தமிழ் பேச வராது, இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரெயோல்தான். குத்துவிளக்கைக் கையில் எடுத்ததும் தட்டு, தண்டு, உச்சி எல்லாவற்றையும் மரை கழற்றி ஒவ்வொன்றாகத் துணிமேல் வைத்தார். மரை தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவினார். திரி வைக்கும் மூக்கு ஐந்தும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்தார், திரும்பப் பூட்டித் தரையில் நிறுத்தி ஆடுகிறதா என்று குனிந்து பார்த்தார். எங்கள் வீட்டில் பூஜையில் ஏற்றிய விளக்குதானா என்று கேட்டார். ஆமாம் மேமே (பாட்டி), கல்யாணச் சீராக வந்தது, இன்னொரு ஜோடி இருப்பதால் கொடுக்கிறேன் என்றேன். ஜோடிக்கு 60 சொல்லியிருந்தேன், 45க்குக் கொடுத்தேன். அலங்காரத்துக்கு மூலையில் நிற்கப்போகும் விளக்கு என்றால் ஒரு யூரோகூட இறங்கியிருக்கமாட்டேன்.

பத்து மணிக்கு மழை. ஆகஸ்டு இங்கே வறண்ட பருவம்தான், ஆனால் கிழக்குக்கு அந்தக் கணக்கு செல்லாது. தார்ப்பாய் தயாராக வைத்திருந்ததால் சாமான் நனையவில்லை, கூட்டம்தான் கலைந்துவிட்டது. அதைவிடப் பெரிய நஷ்டம் அலமாரியில் வந்தது. ஒரு தம்பதி வந்து பார்த்து, பிடித்திருக்கிறது, மத்தியானம் வண்டியோடு வருகிறோம் என்று தொலைபேசி எண் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களை நம்பி அதற்குப்பின் கேட்ட ஒரு ஆசிரியரையும் புதிதாகக் குடிவந்த ஒரு இளம் ஜோடியையும் திருப்பி அனுப்பினோம். மத்தியானம் போய்ச் சாயங்காலம் ஆயிற்று, அவர்கள் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாவிட்டால் ஒரு வார்த்தை தகவல் சொல்லலாம் இல்லையா? அது இன்றும் எனக்கு ஆறவில்லை. இப்போது முன்பணம் 20 யூரோ தராமல் எதையும் ஒதுக்கி வைப்பதில்லை, அதுவும் மத்தியானம் பன்னிரண்டு மணிவரைதான். அலமாரியை லெ பொன் குவான் என்கிற இணையதளத்தில் விளம்பரம் கொடுத்து விற்றோம், முதலில் கிடைக்க இருந்த விலையைவிடக் குறைவாக.

மிஞ்சிய துணிகளையும் பாத்திரங்களையும் ஏழைகளுக்கு உதவும் ஓர் அமைப்புக்குக் கொடுத்தோம். உடைந்ததை வீட்டோரம் போட்டு வைக்கவே கூடாது. ஒரு பழைய வாளியில் தேங்கும் மழைத்தண்ணீர் போதும் கொசு பெருக, சிக்குன்குன்யா இந்தத் தீவை 2005-06இல் படுத்தியபாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. அவற்றைக் காரில் ஏற்றி அன்றைக்கு மறுநாளே தெஷெத்ரி என்கிற கழிவு சேகரிப்பு மையத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டோம்.

இந்த வருடத்துக்கு எனக்கு இன்னும் ஒருமுறை விற்க இடமிருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வீத் கிரெனியேயில் இடம் கேட்டிருக்கிறேன். பித்தளைக் குடமும் தையல் மெஷினும் துடைத்துத் தயாராக இருக்கின்றன.