குழந்தை கைக்கு வந்த தேதி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரி அரசில் வேலை. இப்படி இருப்பவர்கள் தத்தெடுக்கும்போது முதலில் குழம்புவது, எந்த அரசின் விதி தங்களுக்கு என்பதில்தான். சம்பளம் தருவது யாரோ அவர்கள் விதி. வீடு எந்த ஊரில் என்பது கணக்கில் இல்லை. புதுச்சேரி அரசு ஊழியருக்கு மத்திய அரசின் 1972 விடுப்பு விதிகள். இரண்டுக்குக் குறைவான குழந்தைகள் உள்ள பெண் ஊழியர், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுத்தால் 180 நாள் விடுப்பு. சேர்த்துவைத்த விடுப்பில் அது கழியாது.

காரியம் கெடுவது தேதியில். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணை தருவது நீதிமன்றம் அல்ல, ஆட்சியர். அந்த ஆணை வரட்டும் என்று, அலுவலகத்தில் விடுப்பைக் கவனிக்கும் எஸ்டாபிளிஷ்மென்ட் செக்ஷன் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும். அதற்குள் குழந்தை முதல் பிறந்தநாளைத் தாண்டிவிடும். காத்திருக்க வேண்டியதே இல்லை. தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது ஆணை வருமுன் வீட்டில் வைத்து வளர்க்க, குழந்தையை ஏற்றுக்கொண்டாலே விடுப்பு உண்டு. பின்னால் தத்து கைகூடாவிட்டால் அந்த நாட்களை வேறு விடுப்பில் கழிப்பார்கள், அவ்வளவுதான். ஆகவே தத்து நிறுவனம் குழந்தையை ஒப்படைக்கும்போது தரும் காகிதத்தில் தேதியும் முத்திரையும் தெளிவாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

விடுப்புச் சம்பளம் என்பது விடுப்புக்கு முன் கடைசியாக வாங்கிய சம்பளம். நடுவில் அகவிலைப்படி ஏறினால் அதுவும் சேரும். இன்கிரிமென்ட் ஜூலையில் விழுந்தாலும், அந்தப் பணம் விடுப்பு முடிந்து வேலையில் சேர்ந்த நாளிலிருந்துதான். வீட்டு வாடகைப்படி 180 நாளுக்கும் உண்டு. முழு மாதமும் விடுப்பில் போனால் அந்த மாதப் போக்குவரத்துப் படி கிடையாது; பில்லில் தவறிச் சேர்ந்துவிட்டால் பின்னால் பிடித்தம் வரும்.

180 நாளுக்குப் பிறகும் வீட்டில் இருக்க வேண்டுமென்றால், ஒரு வருடத்தில் குழந்தையின் வயதைக் கழித்து மிஞ்சும் காலத்துக்குச் சொந்தக் கணக்கு விடுப்பைத் தொடர்ந்து எடுக்கலாம். தத்தின்போது நான்கு மாதக் குழந்தை என்றால் எட்டு மாதம்.

கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ தனியார் கம்பெனியில் வேலை செய்பவருக்குக் கதை வேறு. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் தந்தது 12 வாரம், அதுவும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு. பெற்றவர் ஒப்படைத்த குழந்தை என்றால், அவர் மனம் மாறக் காத்திருப்பதற்கே சட்டம் இரண்டு மாதம் வைத்திருக்கிறது. அப்புறம்தான் பொருத்தம் பார்ப்பது. மூன்று மாதத்துக்குள் எத்தனை குழந்தை வீடு வந்து சேரும்? இந்த வரம்பை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. வயதைக் காட்டி மறுக்கும் ஹெச்ஆரிடம், இன்றைய நிலவரம் எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ளவருக்குப் பணம் தருவது கம்பெனி அல்ல, இஎஸ்ஐ. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் (ஒரு காலம் ஆறு மாதம்) 70 நாள் பங்களிப்பு வேண்டும். தினசரி சராசரி 600 ரூபாய் என்றால் 84 நாளுக்கு 50,400. கம்பெனி வேலை நாட்களைக் குறைத்துப் பதிந்திருந்தால் அந்த 70 நாளே இடிக்கும்; விண்ணப்பிக்கும் முன் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.

கணவர் புதுச்சேரி அரசு ஊழியர் என்றால் அவருக்கும் 15 நாள் உண்டு. தத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் அது போச்சு.