முல்லைத்தீவிலிருந்து நாயாறு வரை: கரையோர நடையின் மூன்றாம் பகுதி

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் வரை செல்லும் பாதயாத்திரைப் பாதை ஐந்நூறு கிலோமீற்றருக்கும் மேல் நீள்வது. அதை முழுமையாக நடப்பவர்களுக்கு ஒன்றரை மாதத்துக்கும் மேல் செல்லும். அத்தனை நாள் விடுப்பு எங்கள் இருவருக்கும் ஒருசேரக் கிடைக்காது என்பதால், வன்னிக்குள் அமைந்த கரையையாவது ஓய்வு நாட்களில் பகுதி பகுதியாக நடந்து முடிப்பது என்று நானும் என் கணவரும் சென்ற ஆண்டு தீர்மானித்தோம். முதற்பகுதி புதுமாத்தளனிலிருந்து வட்டுவாகல் வரை. அதை நாங்கள் ஏறக்குறையப் பேச்சில்லாமலே நடந்தோம், அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இரண்டாவது, வட்டுவாகலிலிருந்து முல்லைத்தீவு நகர் வரையான சிறிய நடை. மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நடந்த மூன்றாவது பகுதியே, ஒரு முழுநாளையும் எடுத்துக்கொண்ட முதல் நடையாகும்.

நகரிலிருந்து நாயாற்றுப் பாலம் வரை பதினெட்டுக் கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடக்குறைய இருக்கும். வீதியில் நடக்கும் வேகத்தை வைத்து நாலரை மணித்தியாலம் போதும் என்று என் கணவர் கணக்கிட்டிருந்தார். அந்தக் கணக்கு மணலுக்குப் பொருந்தாது என்பதைச் சிலாவத்தைக்கு வருவதற்கு முன்னரே கால்கள் சொல்லிவிட்டன.

அதிகாலை ஐந்தரை மணிக்கு, இருள் பிரியாத நேரத்தில் புறப்பட்டோம். தரைப்பக்கமிருந்து மெல்லிய காற்று முதுகின் வலப்புறத்தில் பட்டுக்கொண்டிருந்தது. பத்து மணியளவில் தரை சூடேறியதும் காற்று திசைமாறிக் கடலிலிருந்து வீசும் என்பதை முந்திய நடைகளில் அறிந்திருந்ததால், தூரத்தில் பாதியையாவது அதற்குமுன் கடந்துவிட வேண்டும் என்பதே எங்கள் திட்டம். முந்திய இரு நடைகளிலும் மூடிய சப்பாத்து அணிந்து, உள்ளே மணல் புகுந்து, என் குதிகால்கள் இரண்டும் கொப்பளித்துப்போயிருந்தன. இம்முறை ஈரமணலில் வெறுங்காலுடனும், வீதியிலும் காய்ந்த மணலிலும் பட்டி வைத்த செருப்புடனும் நடந்தேன். ஒரு கொப்பளமும் வரவில்லை.

மணலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த நடையின் பாடுகளில் முக்காற்பங்கு அதுதான். அலை அப்போதுதான் விட்டுச் சென்ற, பளபளக்கும் மணலே இறுகியிருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன், அது தவறு. நீர் நிறைந்த மணலில் துகள்களுக்கிடையே பிடிப்பு இல்லை, கால் புதைகிறது. காய்ந்த மணலிலும் அப்படியே. இவ்விரண்டுக்கும் இடையில், பளபளப்பு மங்கி நிறம் மட்டும் கருமையாக இருக்கும் ஒடுங்கிய பட்டையில், துகள்களுக்கிடையே நிற்கும் சிறிதளவு ஈரம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்துவைக்கிறது. அங்கே கால் ஒரு விரலளவுகூடப் பதியவில்லை. எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு முக்கால் மீற்றரைத் தாண்டாது. ஆகவே அந்தப் பட்டை வேறு நாடுகளின் கரைகளில் உள்ளதுபோல் அகன்று கிடப்பதில்லை. பல இடங்களில் இருவர் அருகருகே நடக்கக்கூட இடமில்லை, ஒருவர் பின் ஒருவராகவே சென்றோம். அந்தப் பட்டையில் மணிக்கு நான்கு கிலோமீற்றர் நடக்க முடிந்தது. அதை விட்டு விலகிய இடங்களில் இரண்டரையைத் தாண்டவில்லை.

இன்னொன்றையும் எவரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. தெற்கு நோக்கி நடப்பவருக்குக் கடல் எப்போதும் இடப்பக்கம். கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் இடக்கால் நாள் முழுவதும் பள்ளத்திலும் வலக்கால் மேட்டிலும் விழுகின்றன. உப்புமாவெளியை நெருங்கும்போது என் கணவருக்கு இடது முழங்காலின் வெளிப்புறம் வலிக்கத் தொடங்கியது. அதன்பின் அரைமணிக்கொரு தடவை, அலை குவித்த மேட்டின் தட்டையான உச்சிக்கு ஏறி, வேகம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பத்து நிமிடம் சமமாக நடந்தோம். இதைத் தொடக்கத்திலிருந்தே செய்திருக்க வேண்டும்.

சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் விடிந்தது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்காகக் கடல்நீர் எடுக்கும் இடம் இது; இங்கிருந்து முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்துக்குக் கொண்டுசெல்லப்படும் உப்புநீரில்தான் விளக்கெரிப்பார்கள். சிறுவயதில் அந்த விளக்கைப் பார்ப்பதற்காக மட்டுமே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்திருக்கிறேன், ஆனால் அந்த நீர் புறப்படும் கரையில் நின்றது இதுவே முதல் தடவை. அடம்பன் கொடி மணல்மேட்டை மூடிப் பூத்திருந்தது. மேட்டின் பின்புறம் இராவணன் மீசைப் புல். 2004 மார்கழி 26 இல் கடல் ஏறிய கரை இது என்பதை, கரைக்கும் குடிமனைகளுக்கும் இடையில் இப்போது விடப்பட்டிருக்கும் வெறுமை காட்டுகிறது.

மணல்மேட்டுக்கு அப்பால் உள்ள பற்றைகளுக்குள் நாங்கள் எங்கும் கால்வைக்கவில்லை. கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் நிறைவுபெறாத மாவட்டம் இது. ஆள் நடமாட்டமுள்ள கரை, வண்டித்தடம், வீதி ஆகிய மூன்றையும் தவிர வேறெதுவும் எங்கள் பாதையல்ல என்பது முதல் நாளிலேயே இருவரும் ஒப்புக்கொண்ட விதி. இராணுவ முகாம் எதிர்ப்பட்ட இடங்களில் வீதிக்கு ஏறிச் சுற்றிவந்தோம்; அதனால் தூரம் கூடியது.

அளம்பிலுக்குச் சற்று முன்பாகக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கக் கயிற்றை உழவு இயந்திரம் இழுக்க, மறுபக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். கயிற்றைத் தாண்டிச் செல்ல முனைந்த எங்களைப் பார்த்து, முதியவர் ஒருவர் கையை உயர்த்தி, “பிள்ளை, நில்லுங்கோ, கயிறு அறுந்தால் ஆளை வெட்டிப்போடும்” என்று தடுத்தார். இயந்திரத்துக்குப் பின்புறமாகச் சுற்றி வரும்படி வழிகாட்டியவர், மீன் சேரும் பையான வலைமடி கரையேறும் வரை நின்று பார்க்கவும் சொன்னார். சூடையும் கீரியும் கொஞ்சம், காரல் நிறைய. நாங்கள் இருபது நிமிடம் அங்கே நின்றதை நேர இழப்பாக நான் எழுதமாட்டேன்.

ஐந்து லீற்றர் தண்ணீர் சுமந்து சென்றோம். அளம்பிலை அடையும்போது முக்கால் லீற்றரே எஞ்சியிருந்தது. கரைக்கு அண்மையில் இருந்த வீடொன்றில் கேட்டபோது, அங்கிருந்த அம்மா போத்தல்களை வாங்கிக்கொண்டே, “கதிர்காமத்துக்கோ போறியள்? இது அந்த மாதம் இல்லையே” என்றார். நாங்கள் விளக்கியதும், தம் தாயாரின் காலத்தில் வைகாசி பிறந்தால் யாத்திரை போகும் சாமிமாருக்கென்று படலையடியில் குடமும் செம்பும் வைத்திருப்பார்கள் என்றார். போர்க்காலத்தில் யாத்திரை நின்றுபோனபோது குடமும் உள்ளே போனதாம். இப்போது மீண்டும் வைக்கிறார்.

அவருடைய கிணறு கடலிலிருந்து முந்நூறு அடிக்குள்தான் இருக்கும். நீரோ இளநீரைப் போல் இனித்தது. மணலில் இறங்கும் மழைநீர், தன்னிலும் அடர்த்தி கூடிய கடல்நீரின் மேல் மிதந்து நிற்பதே இதற்குக் காரணம். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் தாங்கப்படும் என்பது கணக்கு. அதே காரணத்தால், இயந்திரம் வைத்து அளவுமீறி இறைத்தால் உப்பு மேலெழுந்துவிடும். “நாங்கள் வாளியாலைதான் அள்ளுறது” என்று அந்த அம்மா இரண்டு தடவை சொன்னார். யாத்திரைப் பாதை ஏன் வெறுங்கரையைப் பிடித்துச் செல்லாமல் ஊருக்கு ஊர் கோயிலடிக்கும் கிணற்றடிக்கும் ஏறி இறங்குகிறது என்ற கேள்வி, வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் என்னிடம் இருந்தது. முக்கால் லீற்றர் மீதியுடன் அந்தப் படலையடியில் நின்றபோது அதைக் கேட்கத் தேவையிருக்கவில்லை. அன்றிரவே என் கணவர் தம் குறிப்பேட்டில் கிலோமீற்றர் நிரலுக்குப் பக்கத்தில் கிணறுகளுக்கென்று இன்னொரு நிரல் வரைந்தார்.

குரக்கன் பிட்டையும் சம்பலையும் அந்த வீட்டு மாமர நிழலில் உண்டோம். பனங்கட்டியும் வெறுந்தேநீரும் அவர் தந்தார், காசு வாங்கவில்லை.

செம்மலைப் பகுதியில் எழுதுவதற்கு அதிகமில்லை. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது, காற்று எதிர்பார்த்தபடி கடலிலிருந்து வீசியது, நாங்கள் பெரும்பாலும் வீதியிலேயே நடந்தோம். கடைசி இரண்டு கிலோமீற்றருக்கு மீண்டும் கரைக்கு இறங்கியபோது மணலில் கருமையான கோடுகள் தென்படத் தொடங்கின. புல்மோட்டையில் அகழப்படும் இல்மனைற்று மணலின் சாயல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. பாரமான துகள் என்பதால் அலை இலேசான மணலை அள்ளிச்சென்று இதை விட்டுவிடுகிறது. வெயிலில் அந்தக் கறுப்பு, வெறுங்காலை வைக்க முடியாதபடி கொதித்தது.

நாயாற்றை அடைந்தபோது பிற்பகல் ஒன்றரை மணி. இளைப்பாறிய நேரம் நீங்கலாக ஆறு மணித்தியாலம் நடந்திருக்கிறோம். ஆற்றுவாயில் மணல்திட்டு ஏறக்குறைய மூடிக்கிடந்தது. பருவகாலத்துக்கு மேற்குக் கரையிலிருந்து வந்து தங்கும் மீனவர்களின் வாடிகளில், அதாவது தற்காலிகக் குடிசைகளில், ஒன்றிரண்டுக்கு மட்டுமே கூரை வேய்ந்திருந்தது. நீராவியடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் பாலத்தடியில் பேருந்துக்குக் காத்திருந்தோம்.

அடுத்த பகுதி நாயாற்றிலிருந்து கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஊடாகக் கொக்கிளாய் வரை. அதை எங்கள் வசதிக்கு நடக்காமல், வற்றாப்பளைப் பொங்கல் முடிந்து சாமிமார் இப்பக்கம் வரும்போது அவர்களோடு சேர்ந்து நடப்பது என்று பேசியிருக்கிறோம். சுமை மூன்று லீற்றருக்கு மேல் வேண்டாம், புறப்படுவது நான்கு மணிக்கு. என் கணவரின் முழங்கால் வலி நான்காம் நாள் தணிந்தது. இப்போது மாலைகளில் வட்டுவாகல் பக்கம், கடலை வலப்புறம் வைத்து வடக்கு நோக்கி நடந்து பழகுகிறார்.