அப்பாவின் நாலாம் நம்பர் சீவுளி கடைசியில் படிந்தது

மரம் இழைக்கும் அந்தச் சீவுளியில் மூன்று வாரமாக என்னைப் பாடாய்ப் படுத்திய பலகை நேற்றுச் சாயங்காலம் கண்ணாடி மாதிரி வந்துவிட்டது. மூத்த அக்கா மகளுக்குத் தையில் கல்யாணம். எங்கள் மூன்று அக்காமாரும் அப்பா செய்த மணையில்தான் உட்கார்ந்தார்கள். போன ஆனியில் அப்பா போய்விட்டார். பேத்திக்கு மணை செய்வது என் பங்கு.

மரம் சபுக்கு, சில்வர் ஓக் என்பார்களே அது. தேயிலை மலையில் நிழலுக்கு நின்றது காற்றில் சரிந்தபோது அப்பாவே அறுப்பித்து, நடுவே குச்சி வைத்து லயத்து வரிசை வீட்டுத் தாழ்வாரத்தில் அடுக்கி வைத்தார். இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவை மழைக்கும் பனிக்கும் நாலு வருஷம் கிடந்துதான் காய்ந்தது. ஆரவாக்கில், அதாவது நடுவிலிருந்து பட்டைப் பக்கமாக, அறுத்த சபுக்கில் மீன் செதில் மாதிரி மினுங்குமே, அந்த அழகுக்காகத்தான் அதை எடுக்கிறோம். சீவும்போது பிய்த்துக்கொண்டு வருவதும் அதே செதில்தான். திருப்பிப் போட்டுச் சீவினேன், ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சீவினேன், இரும்பை நாலு தடவை தீட்டினேன். குழி குழியாகத்தான் வந்தது. சாண்ட் பேப்பரால் சமாளிக்கலாம், ஆனால் அது மினுக்கத்தைத் தின்றுவிடும். எனக்கு அது வேண்டாம்.

அப்பா அடிக்கடி சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது: "தம்பி, மயிரிழைதான் தெரியணும்." சீவும் இரும்பின் மேல் திருகியிருக்கும் மேல் இரும்பைத் தாண்டிக் கீழ் இரும்பின் வாய் அவ்வளவுதான் நீட்டவேண்டும் என்பார். நான் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விட்டிருந்தேன். கால் மில்லிமீட்டருக்கு இறக்கினேன். பிய்வது நின்றது, ஆனால் பத்து இழுப்புக்கு ஒருதரம் சீவல் உள்ளே சிக்கி அடைத்தது. இரண்டு இரும்பையும் சேர்த்து விளக்குக்கு எதிரே பிடித்தால் வலது மூலையில் நூல் மாதிரி வெளிச்சம்! மேல் இரும்பின் உதடு அங்கே படியவில்லை. எண்ணெய்க்கல்லில் அந்த உதட்டை மட்டும் அரை மணி நேரம் தேய்த்து, வெளிச்சம் செத்த பிறகு பூட்டினேன். முதல் இழுப்பிலேயே இரண்டு அங்குல அகலத்துக்கு அறுபடாத சீவல், வெங்காயத்தோல் மாதிரி. மூட்டு வேலையெல்லாம் எனக்கு ஓரளவு வரும், ஆனால் இவ்வளவு சந்தோஷம் எதிலும் வந்ததில்லை.

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபேக்டரியில், பாஸ். தச்சரை இங்கே அப்படித்தான் சொல்வோம். கொழுந்து வாட்டும் தொட்டிப் பலகை, ரோலர் கட்டை, தோட்டத்து மேனேஜர் தொரையின் பங்களா ஜன்னல், எல்லாம் அவர் கை பட்டது. லயத்தில் யார் செத்தாலும் பெட்டி அடிக்கக் காசு வாங்கமாட்டார். அம்மா காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்கு ஓடிய பிறகு அக்காமாருக்குத் தலை சீவிப் பின்னிவிட்டதும் அதே கைதான். பின்னலில் ஒரு மயிர் பிசகாது என்று மூத்த அக்கா இன்றைக்கும் சொல்வார்.

மணைக்குப் பூச அரக்கு ஹட்டனில் கிடைக்கிறது. ஆனால் மழை நாளில் பூசினால் வெள்ளை பூத்துவிடும், வெயிலுக்குக் காத்திருக்கிறேன். அடுத்து அப்பாவின் பழைய மரச் சீவுளிக்கு இரும்பை இறுக்கும் புது ஆப்பு செய்யவேண்டும். பலாவில் செய்வதா, வேறெதிலாவதா என்று யோசிக்கிறேன். பலா மரம் வெட்டவே பெர்மிட் வேண்டும் என்பதால் துண்டு தேடித்தான் வாங்கவேண்டும்.

மணைக்கு அடிக்கட்டை இரண்டும் இன்னும் பூட்டவில்லை. மாப்பிள்ளை மணைப் பலகை சீவாமலே கிடக்கிறது. நேற்றைய சீவலை அம்மா அள்ளிச் சாக்கில் போட்டு, முன்பு அப்பாவின் சீவலை வைத்த அதே அடுப்பு மூலையில் வைத்துவிட்டார்.