வயிற்று வலி என்று சொல்லி வருபவர்கள்

கொடைக்கானலுக்கு சீசன் என்றால் ஏப்ரல், மே. நான் நர்ஸாக வேலை பார்க்கும் கிளினிக்குக்கு அது போக தேனிலவு சீசன் என்று இன்னொன்றும் உண்டு. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு ஆரம்பித்துவிடும். கழுத்தில் புது மஞ்சள் கயிறு, கையில் சிவப்பு மாறாத மருதாணி, பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் கணவர். என்னம்மா என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான், "வயித்து வலி சிஸ்டர்."

அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொள்ள மாட்டேன். யூரின் டெஸ்டுக்கு டப்பா கொடுக்கிற சாக்கில் பெண்ணை மட்டும் உள்ளே கூட்டிப் போய், கதவைச் சாத்திவிட்டு, "ஒண்ணுக்குப் போனா எரியுதாம்மா?" என்று நானே கேட்டுவிடுவேன். அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தால் அவள் சொல்லாமலே ஊருக்குப் போய்விடுவாள். கேட்டதும் சிலர் அழுதுவிடுகிறார்கள். எரிச்சல் தாங்காமல் இல்லை, ஏதோ தப்பு நடந்துவிட்டது, அவரிடமிருந்து ஏதோ நோய் தொற்றிவிட்டது என்ற பயத்தில்.

பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் 4 செ.மீ. நீளம்தான். குடலில் இயல்பாகவே இருக்கும் ஈ.கோலை கிருமி உறவின்போது அந்த வழியாக மேலே தள்ளப்பட்டு, சிறுநீர்ப்பையில் போய்ப் பெருகுகிறது. நீர்க்கடுப்பு வருவது பெரும்பாலும் இப்படித்தான், இதில் யார் மீதும் குற்றமில்லை. இங்கே வருகிறவர்களுக்கு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வத்தலக்குண்டு தாண்டி மலையேறும் வரை நல்ல கழிப்பறை கிடைக்காது என்று அடக்கிக்கொண்டே வருவார்கள், மேலே வந்தால் குளிருக்குத் தண்ணீர் குடிக்கத் தோன்றாது. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சில நாள் ஆன்டிபயாடிக்கிலேயே சரியாகிவிடும். எரிச்சல் நின்றதும் பாதியில் நிறுத்தக்கூடாது. உறவு முடிந்ததும் சிறுநீர் கழித்துவிடுவது நல்லது.

ஒன்றை மட்டும் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன். விலாப்பக்கம் வலி, குளிர் ஜுரம், வாந்தி என்றால் தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த ஊரில் நடுக்கம் எடுத்தால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று இன்னொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஹோட்டல் அறையிலேயே படுத்துவிடுகிறார்கள்.

எரிச்சலைப் பற்றிப் பேசி முடித்த பிறகுதான் உண்மையான கேள்வி வரும். "ரத்தமே வரலை சிஸ்டர். அவர் ஒண்ணும் கேக்கலை. அத்தைதான் போன்ல கேட்டாங்க." இப்படி ஒரு பெண் என்னிடம் சொன்னபோது அந்த அத்தை மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. கன்னிச் சவ்வு என்பது முழுதாக மூடிய திரை இல்லை. அதில் ஏற்கனவே திறப்பு இருக்கிறது, இல்லாவிட்டால் மாதவிலக்கு எப்படி வெளியே வரும்? ஆளுக்கு ஆள் அதன் அளவும் வடிவமும் மாறும், நெகிழ்ந்து கொடுக்கும், நிறையப் பேருக்கு முதல் முறை ஒரு சொட்டுகூட வராது. அதைப் பார்த்து ஒரு பெண் முன்பு உறவு கொண்டாளா இல்லையா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அந்தக் கன்னித்தன்மைச் சோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை, நிறுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொல்லிவிட்டது. பாலியல் வன்முறை வழக்கில்கூட, பெண்ணுறுப்பில் இரண்டு விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் பரிசோதனை செய்யக்கூடாது, செய்தால் தவறான நடத்தையாகக் கருதப்படும் என்று நம் உச்ச நீதிமன்றமும் 2022-இல் சொன்னது. அப்புறம் கணவரையும் உள்ளே கூப்பிட்டு, அவள் சம்மதித்தால், இதையே அவரிடமும் சொல்வேன். முக்கால்வாசிப் பேர் நிம்மதியாகத் தலையாட்டுகிறார்கள், அவர்களுக்கும் இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள் இல்லையா.

கொஞ்சம் ரத்தம் பட்டு அன்றைக்கே நின்றால் பயமில்லை. ஒரு மணி நேரத்திலேயே பேடு நனைகிறது, தலை சுற்றுகிறது என்றால் உள்ளே கிழிந்திருக்கலாம், நள்ளிரவானாலும் கிளம்பிவிட வேண்டும்.

வலி இன்னும் பெரிய விஷயம். "முதல்ல அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ" என்று ஊரில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பேச்சு அது. பயத்தில் தசை இறுகினாலோ ஈரம் போதாமல் இருந்தாலோ வலிக்கும். கல்யாணக் களைப்பும் பயணக் களைப்பும் தீரட்டும், வேண்டாம் என்று அவள் சொன்னால் அன்றைக்கு வேண்டாம். ஒவ்வொரு முறையும் தசை இறுகி வலித்தால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது, மகளிர் மருத்துவரைப் பார்க்கலாம். ஆணுறை போடுகிறவர்கள் தேங்காய் எண்ணெய் தடவக்கூடாது, ரப்பர் கிழிந்துவிடும்.

பூம்பாறை, மன்னவனூர் பக்கத்துப் பெண்களுக்குத் தேனிலவும் இல்லை, தனியாக வரவும் முடியாது. மாமியாரோடுதான் பஸ் ஏறுவார்கள். பூண்டுக் காட்டில் களை எடுத்துக்கொண்டே வாரக்கணக்கில் எரிச்சலை உடம்புச் சூடு என்று மோர் குடித்துச் சமாளித்திருப்பார்கள். அவர்களுக்கு அந்தச் சாத்திய கதவு இன்னும் அவசியம். மாமியாரை வெளியே உட்கார வைப்பதற்கே தனிச் சாமர்த்தியம் வேண்டும்.

ஆண்கள் கிளினிக் மூடும் நேரத்தில் வருவார்கள். முன்தோலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தோல் மடிப்பு கிழிந்து ரத்தம் வந்திருக்கும், பெரும்பாலும் தானே ஆறிவிடும். முதல் இரவில் முடியவில்லை என்பதற்காக நோட்டீஸ் ஒட்டும் லாட்ஜ் வைத்தியரிடம் பணத்தைக் கொட்ட வேண்டாம் தம்பி என்று சொல்லி அனுப்புவேன். புண், சீழ் இருந்தால் மட்டும் இருவருக்குமே பரிசோதனை வேண்டும்.

கல்யாணமாகாத பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களிடம் யார், ஏன் என்று கேட்பதில்லை. பதினெட்டு ஆகவில்லை என்றால் போக்சோ சட்டப்படி போலீஸுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும், ஆனாலும் சிகிச்சையை மறுக்கக்கூடாது. மறுநாளே கர்ப்பப் பரிசோதனை செய்து பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் உண்டு, அது வீண். உறவு நடந்து மூன்று வாரம் கழித்துப் பார்த்தால்தான் நம்பலாம். ஹெச்.ஐ.வி. பயம் என்றால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும், அதனால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

அவசரக் கருத்தடை மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள்தான், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று சட்டம் சொல்லியும் தமிழ்நாட்டு மெடிக்கல்களில் அது லேசில் கிடைப்பதில்லை. மலையில் இருக்கிறவர்கள் அதைத் தேடிக் கீழே இறங்கி அலைவதிலேயே ஒரு நாள் போய்விடுகிறது, எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. ஐந்து நாளுக்குள் கருப்பையில் காப்பர் டி போட்டாலும் கர்ப்பம் தங்குவது மிக அரிது, அரசு மருத்துவமனையில் இலவசம். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மகளிர் மருத்துவரைப் பார்க்கணும் என்றால் போதும், மீதியை உள்ளே போய் அவரிடம் மட்டும் சொல்லுங்கள்.