குப்பை லாரியின் பின்னால்: கொடுங்கையூரிலிருந்து காட்டுப்பள்ளி வரை

நான் சென்னை அண்ணா நகர்வாசி. மாநகராட்சிக் கணக்கில் எட்டாவது மண்டலம். காலையில் பேட்டரி வண்டியில் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று போட்டுவிட்டு வரும் குப்பை அப்புறம் எங்கே போகிறது என்று நேரில் பார்க்க ரொம்ப நாளாக ஆசை. திருவொற்றியூரிலிருந்து அண்ணா நகர் வரை முதல் எட்டு மண்டலக் குப்பைக்குக் கொடுங்கையூர்க் கிடங்கு, தேனாம்பேட்டை தொடங்கி மீதி ஏழு மண்டலத்துக்குப் பெருங்குடிக் கிடங்கு. இதுதான் ஏற்பாடு. எனவே என் வீட்டுக் குப்பை போகும் வழியில் நானும் போய்ப் பார்த்தேன்.

வியாசர்பாடி தாண்டி எம்.கே.பி. நகரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். எழில் நகர் பக்கம் நெருங்கும்போது வழி கேட்கத் தேவைப்படவில்லை. குப்பையை அழுத்தி ஏற்றும் காம்பாக்டர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் கறுப்பாய்த் தண்ணீர் ஒழுகி, ரோடு முழுக்க ஒரு பிசுபிசுப்பு. தெருமுனையில் நின்று பார்த்தால் வீடுகளுக்குப் பின்னால் மேடு தெரிகிறது. மேலே பருந்துகளும் கொக்குகளும் சுற்றுகின்றன. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஊர்க் குப்பையைக் கொட்டியதால் எழுந்த மேடு அது. அதன் ஓரத்திலேயே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், கோலம் போட்ட வாசல், மாவு மில், டிபன் கடை. எல்லா ஊரையும்போல ஒரு ஊர்.

டீக்கடையில் பேச்சுக் கொடுத்த ஒரு அம்மா அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். "சொந்தக்காரங்க வந்தா பகல்ல சாப்ட்டுட்டு, இருட்றதுக்குள்ள கெளம்பிடுவாங்கபா. ராத்திரி பொகை அவங்களுக்குத் தாங்காது. நமக்குப் பழகிப்போச்சுன்னு சொல்றாங்க. பழகல. வேற எங்க போறது?" என்றார். கோடையில் மேடு தானாகவே பற்றிக்கொள்ளும். புதைந்த மக்கும் குப்பை காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. ஒரு பொறி போதும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தபோது ஊரே பேசியது. கொடுங்கையூர்ப் புகையைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சு எழுந்து நான் பார்த்ததில்லை.

கொடுங்கையூருக்கு வருவது குப்பை மட்டும் இல்லை. நகரத்துச் சாக்கடையும் இங்கேதான் சுத்திகரிப்புக்கு வருகிறது. சுத்தமாக்கிய தண்ணீர் குழாய் வழியே மணலித் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அது நல்ல திட்டம், மனமாரச் சொல்கிறேன். ஆனால் ஊரின் கழிவை எல்லாம் வாங்கிக்கொள்ளும் இந்தத் தெருக்களில் இன்னும் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறார்கள். நிலத்தடி நீர் மஞ்சளாக வருகிறது, பாத்திரம் கழுவக்கூட மனம் வரவில்லை என்று அந்த அம்மாவே சொன்னார்.

மேட்டின் ஒரு பக்கம் இப்போது பயோமைனிங் நடக்கிறது. 2024இல் தொடங்கிய வேலை. சுமார் 252 ஏக்கரில் கிடக்கும் ஏறத்தாழ 66 லட்சம் டன் பழைய குப்பையை அகழ்ந்து பிரிக்க, 640 கோடி ரூபாய் அளவில் போட்ட திட்டம். பொக்லைன் தோண்டிக் கொடுக்க, சுழலும் பெரிய உருளைச் சல்லடை அதைச் சலிக்கிறது. மண் ஒரு பக்கம், கல்லும் கட்டட இடிபாடும் ஒரு பக்கம், துணியும் பிளாஸ்டிக்கும் ஒரு பக்கம். எரியக்கூடிய துண்டுகளைச் சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்புவார்கள். வெளியே நின்று பார்க்கும்போதே நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்தது. மேடு குறையும் என்பதே இந்த மக்கள் இத்தனை வருடமாகக் கேட்காத செய்தி.

ஆனால் மேடு போன இடத்தில் என்ன வரும்? அரசியல் முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பெருங்குடியில் மீட்ட நிலத்தைப் பூங்கா ஆக்கலாமா, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமாகவே திருப்பிக் கொடுக்கலாமா என்று விவாதம் நடக்கிறது. கொடுங்கையூருக்கோ எரிஉலை. தினமும் 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை என்று திட்டம் வந்தது. ஐதராபாத் ஆலையைப் பாருங்கள், அங்கே பிரச்சினை இல்லையே என்கிறது மாநகராட்சித் தரப்பு. 2025 மே மாதம் வடசென்னைக் குடியிருப்போர் சங்கங்கள் சேர்ந்து மனித சங்கிலி நடத்தின. பெண்களும் பிள்ளைகளும் ரோட்டோரம் கைகோத்து நின்றார்கள். அதில் நின்ற ஒருவர் நேற்று நடந்ததுபோல் நினைவோடு பேசக் கேட்டேன். "மேட்டை எடுக்கறோம்னு சொன்னப்ப சந்தோஷப்பட்டோம் சார். எடுத்துட்டுப் பொகைபோக்கி வெப்பாங்கன்னு யார் நெனச்சா?"

அவர் கோபம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் காய்கறித் தோலும் மிச்சச் சோறும்தான், ஈரம். ஈரத்தை எரித்து மின்சாரம் எடுப்பது சுலபமில்லை. அது நன்றாக எரிய வேண்டுமானால் காகிதமும் பிளாஸ்டிக்கும் கூடவே போக வேண்டும். அதாவது மறுசுழற்சிக்குப் போக வேண்டியது உலைக்குள் போகும். ஆலையைக் கட்டிவிட்டால் அதற்கு வருடக்கணக்கில் தினமும் குப்பை தந்தாக வேண்டும். குப்பையைக் குறைக்கும் ஊர் அந்த ஆலைக்கு நஷ்டம். பிளாஸ்டிக் எரியும்போது வரும் டையாக்சின் என்ற நச்சுப் பொருள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தடுக்கும் வடிகட்டிகள் உண்டு, இரவு பகலாக ஒழுங்காக ஓட்டினால். அதை யார் கண்காணிப்பார்கள் என்பதுதான் எழில் நகர்க்காரர்களின் கேள்வி. மணலி சின்ன மாத்தூரில் மாநகராட்சிக்கு ஏற்கெனவே ஒரு சிறிய எரிஉலை உண்டு. அங்கிருந்து வரும் புகையைத்தான் அவர்கள் உதாரணம் காட்டுகிறார்கள்.

மேட்டில் பொறுக்கிப் பிழைக்கும் ஒரு அக்காவையும் சந்தித்தேன். கையில் கொக்கி, தோளில் கோணிப்பை. அட்டை, இரும்பு, பாட்டில், கெட்டி பிளாஸ்டிக் எனத் தனித்தனியாகக் கட்டிக் காயலான் கடையில் எடை போடுவார். முன்போல உள்ளே விடுவதில்லை என்பது அவர் கவலை. "நான் பொறுக்கலன்னா அதுவும் மண்ணுக்குள்ளதான போவும்?" என்று கேட்டார். இந்த ஊரில் மறுசுழற்சி என்று ஒன்று நடந்திருந்தால், அதில் பெரும் பங்கு இவர்கள் கையால் நடந்தது. எந்தத் திட்ட அறிக்கையிலும் இவர்களுக்கு முதல் பக்கத்தில் இடம் கொடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் தங்கள் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள், கடைசியில் நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அந்த இரண்டு மண்டலக் குப்பையும் வருவது கொடுங்கையூருக்குத்தான். தெருவில் தரம் பிரிக்கும் கைகளுக்கு உறுதியான வேலையும் சம்பளமும் இல்லாமல் மேட்டை மட்டும் குறைக்க முடியாது.

மதியத்துக்கு மேல் மணலி வழியாகத் திருவொற்றியூர் வந்து, அங்கிருந்து எண்ணூர். கொடுங்கையூரோடு பயணத்தை முடிக்காததற்குக் காரணம் உண்டு. குப்பையை எரித்தால் அது காணாமல் போய்விடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். எரித்தால் சாம்பல் மிஞ்சும். சாம்பல் ஒரு ஊரை என்ன செய்யும் என்பதை எண்ணூர் முகத்துவாரத்தில் பார்க்கலாம்.

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் இது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டுப்பள்ளித் தீவு. ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய். தீவு என்று பெயர் கேட்டு வருபவர்களுக்கு முதலில் தெரிவது துறைமுகக் கிரேன்களும் மின் நிலையப் புகைபோக்கிகளும்தான். வடசென்னை அனல் மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரோடு கரைத்துக் குழாயில் தள்ளிச் சாம்பல் குளத்தில் விடுவார்கள். அந்தக் குழாய்கள் கசிந்து கசிந்து, பல வருடமாய் ஆற்றிலும் கழிமுகத்திலும் சாம்பல் படிந்துவிட்டது. செப்பாக்கம் மாதிரி ஊர்கள் சாம்பல் குளத்தை ஒட்டியே வாழ்கின்றன. வலை உலர்த்திக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் ஆற்றைக் காட்டினார். "சின்ன வயசுல இங்க ஆள் முங்குற ஆழம். இப்ப படகு தரை தட்டுது. எறா கைநெறய வாரின எடம் இது." 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் இதே கழிமுகத்துக்குத்தான் வந்தது. வலையும் படகும் தார் பூசியதுபோல ஆனதை அவர் கையால் தடவிக் காட்டினார்.

மாலத்தீவில் மாலே நகருக்குப் பக்கத்தில் திலாஃபுஷி என்று ஒரு தீவு இருக்கிறது. 1990களின் தொடக்கத்திலிருந்து குப்பையைக் கொட்டிக் கொட்டியே கடலில் உண்டாக்கிய நிலம். சின்ன நாடு, வேறு இடம் இல்லை என்று அங்கே ஒரு காரணமாவது சொல்லலாம். சென்னைக்கு அந்தக் காரணம் பொருந்தாது. இங்கே இடம் இருக்கிறது. அந்தந்த வார்டுக் குப்பையை அந்தந்த வார்டிலேயே உரமாக்குவது என்று முடிவு எடுக்கும் மனம்தான் வேண்டும். திடக்கழிவு விதிகளே வீட்டிலேயே பிரிக்கச் சொல்கின்றன. மக்கும் பாதியை அண்ணா நகரிலேயே நிறுத்திக்கொண்டால், கொடுங்கையூர் போகும் லாரிகளில் பாதி எதற்கு?

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: காலை பத்து மணிக்குள் எழில் நகர் பக்கம் போங்கள், வெயில் ஏறினால் நாற்றமும் ஏறும். கிடங்குக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள், அங்கே வேலை செய்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எண்ணூருக்கு மாலை நான்கு மணிக்கு மேல் போனால் வலைக்காரர்கள் பேச நேரம் கிடைக்கும். திரும்பி வந்ததும் வார்டு மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டம் எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேளுங்கள். எங்கள் வார்டில் உரக்கிடங்குக்கு இடம் கேட்டு நான் மனு எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் கொடுப்பேன்.