ராகேலின் கல்லறையைத் தாண்டி

எருசலேமிலிருந்து பெத்லெகேமுக்குப் பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. ஊருக்குள் நுழையும்முன் கண்ணில் படுவது எட்டு மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிற கான்கிரீட் மதில். அந்த மதிலின் மடிப்புக்குள்தான் ராகேலின் கல்லறை இருக்கிறது. பென்யமீனைப் பெற்றெடுத்த வேதனையிலேயே அவள் இறந்துபோக, பெத்லெகேமுக்குப் போகிற வழியில் கணவன் யாக்கோபு அவளை அடக்கம்பண்ணினான் என்று ஆதியாகமம் 35-ஆம் அதிகாரம் சொல்கிறது. எங்கள் பேருந்து அங்கே நிற்கவில்லை. வழிகாட்டி கையை மட்டும் நீட்டிக் காட்டினார். பிள்ளை பெறும்போது இறந்த ஒரு தாயைக் கடந்துதான் பிள்ளை பிறந்த இடத்துக்குப் போகவேண்டியிருக்கிறது என்ற நினைப்பு அப்போதே என்னைப் பிடித்துக்கொண்டது.

2023 பிப்ரவரியில் நாங்கள் போனோம். குழுவில் பெரும்பாலும் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்கள். சபைப் போதகரான சேகரத்து ஐயர் ஒருவர் நடத்திக்கொண்டு வந்தார். என்னோடு வந்தது என் மதினி, என் கணவரின் அக்கா. என் கணவர் 2021-இல், கொரோனா இரண்டாம் அலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் தூரத்தில் நிற்கவைத்து ஜெபம்பண்ணி முடித்தார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னது, "கர்த்தர் சமாதானம் தருவார்". அன்பாகத்தான் சொன்னார்கள். நானும் அதையே கேட்டு ஜெபித்தேன். சமாதானம் என்று நான் கேட்டது இரவில் தூக்கம் வருவதை. அந்த ராத்திரி அடித்த தொலைபேசிச் சத்தம் காதை விட்டுப் போவதை.

இயேசு பிறந்த இடத்தின்மேல் கட்டின திருப்பிறப்பு ஆலயத்தை முதலில் பார்க்கிறவர்களுக்கு அது கோட்டை மாதிரிதான் தெரியும். பெரிய கல் சுவர், அதில் ஓர் ஆள் முழுதாய் நிமிர்ந்து நுழைய முடியாத சின்ன வாசல். உயரம் சுமார் 1.2 மீட்டர். குதிரையோடும் வண்டியோடும் கொள்ளைக்காரர்கள் உள்ளே வரக் கூடாது என்று பழைய பெரிய வாசலை அடைத்து இவ்வளவு சின்னதாக்கினார்களாம். மேலே உற்றுப் பார்த்தால் யுஸ்தினியான் பேரரசர் காலத்து நிலைக்கல்லும், அதற்குக் கீழே சிலுவைப்போர்க் காலத்துக் கூர்வளைவும் கல்லோடு கல்லாகத் தெரிகின்றன. தாழ்மையின் வாசல் என்று அதற்குப் பெயர். குனிந்து போவதைப் பற்றிப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருக்கிறோம், அது சரிதான். ஆனால் அந்த வாசல் பயத்தில் பிறந்த வாசல் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆபத்துக்குப் பயந்து அடைத்த வழியாகத்தான் இன்றைக்கும் ஜனங்கள் அவரைப் பணிந்துகொள்ளப் போகிறார்கள்.

"ஏட்டி, தலையைப் பாத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே மதினி எனக்கு முன்னால் நுழைந்தார்கள். மூட்டுவலிக்காரர்கள். கல்லைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு கவனமாகக் குனிந்தார்கள்.

உள்ளே போனால் திடீரென்று விசாலம். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு வரிசையாக இளஞ்சிவப்புக் கல் தூண்கள், மொத்தம் 44. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் கட்டத் தொடங்கி 339-இல் பிரதிஷ்டை செய்த முதல் ஆலயம் ஆறாம் நூற்றாண்டில் அழிந்தது. இப்போது நிற்பது அதன் பிறகு யுஸ்தினியான் கட்டியது. தரையில் மரக்கதவுகளைத் திறந்துவைத்திருக்கிறார்கள். எட்டிப் பார்த்தால் பழைய ஆலயத்தின் வண்ணக்கல் தரை கீழே கிடக்கிறது. 614-இல் பெர்சியர்கள் அந்த நாட்டின் மேல் படையெடுத்து ஆலயம் ஆலயமாக இடித்தபோது இதை மட்டும் விட்டுவிட்டார்கள். பிள்ளை இயேசுவைப் பணியக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் முகப்பில் வரைந்திருந்த படத்தில் தங்கள் நாட்டு உடையில் இருந்ததைக் கண்டு கைவைக்கவில்லை என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

சுவரின் மேற்பகுதியில் 12-ஆம் நூற்றாண்டுத் தூதர்கள், பொன்னிறக் கற்களால் ஆனவர்கள், தொழுவத்தை நோக்கி நடக்கிறார்கள். பல காலம் கூரை ஒழுகி, மெழுகுவர்த்திப் புகை படிந்து அவர்கள் மங்கிப்போயிருந்தார்கள். 2013-இல் தொடங்கிய சீரமைப்பில் ஒவ்வொரு கல்லாகத் துடைத்தார்கள். 2016-இல் சுவர்ப்பூச்சுக்குப் பின்னாலிருந்து இன்னொரு தூதர் வெளிப்பட்டார். அங்கே ஒருவர் இருந்ததே யாருக்கும் தெரியாது.

இயேசு பிறந்த குகையான கெபிக்கு இறங்கும் வரிசை நீளமாயிருந்தது. எங்களுக்கு முன்னால் நைஜீரியாக்காரர்கள், பின்னால் இந்தோனேசியாக்காரர்கள். நிற்கிற நேரத்தில் வழிகாட்டி அந்த ஆலயத்தின் ஒழுங்கைச் சொன்னார். கிரேக்க ஆர்த்தடாக்ஸ், அர்மீனியன், லத்தீன் கத்தோலிக்கர் என்று மூன்று சபையாருக்கும் அதில் பங்கு உண்டு. எந்தத் தூண் யாருடையது, எந்தப் படியை யார் பெருக்குவது என்பதெல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் உதுமானிய சுல்தான் உறுதிப்படுத்திய ஏற்பாட்டின்படி இன்றும் நடக்கிறது. 2011 டிசம்பரில் பண்டிகைச் சுத்தம் செய்யும்போது கிரேக்கக் குருக்களும் அர்மீனியக் குருக்களும் துடைப்பத்தோடு அடித்துக்கொள்ள, காவலர்கள் வந்து விலக்கினார்கள். கேட்டபோது மனசு வலித்தது. சபைக்குள் நடக்கிற சண்டை நமக்குப் புதிதா? அதே மூன்று சபையார்தான் ஒன்றாய்ச் சம்மதித்து அந்தக் கூரையைச் செப்பனிட விட்டார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுகிறேன்.

அரைவட்டப் படிகளில் இறங்கினால் கெபி. நீளம் பன்னிரண்டு மீட்டர், அகலம் மூன்று மீட்டர் இருக்கும். பீடத்தின் அடியில் வெள்ளைச் சலவைக்கல்லில் பதித்த 14 முனை வெள்ளி நட்சத்திரம். "கன்னி மரியாளிடத்தில் இயேசு கிறிஸ்து இங்கே பிறந்தார்" என்று லத்தீனில் பொறித்திருக்கிறது, 1717 என்ற ஆண்டோடு. அதைச் சுற்றி 15 விளக்குகள் எரிகின்றன, கிரேக்கருக்கு 6, அர்மீனியருக்கு 5, லத்தீனருக்கு 4. இந்த நட்சத்திரத்துக்கும் கதை உண்டு. 1847-இல் அதைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து சுல்தான் வேறு செய்து வைத்தார்.

இதே இடம்தானா என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. இரண்டாம் நூற்றாண்டிலேயே யுஸ்தின் என்கிற இரத்தசாட்சி, பெத்லெகேமுக்கு அருகே ஒரு குகையில் அவர் பிறந்தார் என்று எழுதியிருக்கிறார். எனக்கு அது போதும். அங்கே முழங்காலிட்டபோது ஆராய்ச்சி எதுவும் நினைவில் இல்லை. கல் குளிர்ந்திருந்தது. பின்னாலிருந்து "சீக்கிரம், சீக்கிரம்" என்றார்கள். எவ்வளவு நேரம் கிடைத்ததோ அவ்வளவு நேரம் என் கையை அங்கே வைத்திருந்தேன். கேட்க வைத்திருந்த ஜெபம் ஒன்றும் வாயில் வரவில்லை.

நட்சத்திரத்துக்கு எதிரே மூன்று படி கீழே, பிள்ளையைக் கிடத்தின தீவனத்தொட்டியான முன்னணை இருந்த இடம். அங்கே நெருக்கம் குறைவு. ஐயர் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வாசித்தார். "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால்" என்ற வரியை எத்தனையோ கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைகளில் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அதன் அவசரம் புரிந்தது. நிறைமாதக்காரியை ஊர்விட்டு ஊர் நடக்கவைத்தது ஒரு பேரரசனின் குடிமதிப்புக் கட்டளை. பிரசவ நேரத்தில் உறவுக்காரப் பெண்கள் யாரும் பக்கத்தில் இருந்ததாக வேதம் சொல்லவில்லை. பிள்ளையைத் துணியில் சுற்றினது அவளே. நாம் அட்டையிலும் பஞ்சிலும் ஜோடிக்கிற குடிலில் எல்லாம் அமைதியாய் இருக்கும். அந்தக் கெபியில் அன்றைக்கு அமைதி இருந்திருக்க வழியில்லை. நாங்கள் ஒரு தமிழ்க் கீர்த்தனையைப் பாடத் தொடங்கினோம். இரண்டாவது சரணத்தில் நைஜீரிய அம்மாமார் ராகத்தைப் பிடித்துக்கொண்டு வார்த்தையில்லாமல் கூடப் பாடினார்கள்.

நான் எழுத உட்கார்ந்ததே இதற்கு அடுத்த இடத்தைப் பற்றித்தான். திருப்பிறப்பு ஆலயத்தோடு ஒட்டி பரிசுத்த கத்தரீனாள் ஆலயம் இருக்கிறது. டிசம்பர் 24 நள்ளிரவில் தொலைக்காட்சியில் காட்டுகிற பூசை அங்கேதான் நடக்கிறது. அதிலிருந்து கீழே இறங்கினால் வேறு குகைகள். பயணக்குழுக்கள் பல அதைத் தவிர்த்துவிட்டுக் கடைகளுக்குப் போய்விடுகின்றன. எங்கள் குழுவிலும் பாதிப்பேர் ஒலிவமரப் பொருள் வாங்கப் போனார்கள். நானும் மதினியும் இறங்கினோம். அதில் ஒன்று, பிள்ளை இயேசுவைக் கொல்லத் தேடின ஏரோது ராஜா கொன்ற குழந்தைகளின் நினைவுக்கான சிற்றாலயம். பிள்ளை பிறந்த கெபிக்குப் பக்கத்திலேயே, அதே பாறைக்குள், அந்தப் பிள்ளையினிமித்தம் செத்த பிள்ளைகளின் இடம். "ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது" என்று மத்தேயு எழுதினாரே, அந்த ராகேலைத்தான் காலையில் பேருந்திலிருந்து பார்த்தோம்.

மதினி ரொம்ப நேரம் அங்கேயே நின்றார்கள். பிறகு, "தம்பி போனப்பெறவு எனக்கு கிறிஸ்மஸ் பாட்டே பிடிக்காமப் போச்சுட்டி. எல்லாம் சந்தோஷமா இருக்கவங்களுக்குன்னு நெனச்சேன். இங்க பாத்தா, அழுதுக்கிட்டு இருந்த ஊருக்குத்தானே வந்திருக்காரு" என்றார்கள்.

அதற்கு அடுத்தது எரோம் குடியிருந்த குகை. 386 முதல் 420-இல் மரிக்கும்வரை பெத்லெகேமிலேயே தங்கி, வேதத்தை லத்தீனுக்கு மொழிபெயர்த்தவர். 410-இல் ரோமாபுரி கொள்ளையடிக்கப்பட்டபோது அங்கிருந்து தப்பினவர்கள் பெத்லெகேம்வரை வந்து சேர்ந்தார்கள். எசேக்கியேல் விளக்கவுரை எழுதிக்கொண்டிருந்த எரோம் அதை ஒதுக்கிவைத்துவிட்டு அவர்களைக் கவனிக்கவேண்டியதாயிற்று என்று அவரே எழுதியிருக்கிறார். இன்னும் கிட்டத்தில், 2002 ஏப்ரல், மே மாதங்களில், ஆயுதம் தாங்கின பாலஸ்தீனர்கள் ஆலயத்துக்குள் தஞ்சம் புக, இஸ்ரேலிய ராணுவம் வெளியே சூழ்ந்துகொள்ள, முற்றுகை 39 நாள் நீடித்தது. ஆலயமணி அடிக்கிறவர் சுடப்பட்டு இறந்தார். துறவிகள் பலர் வெளியேறாமல் உள்ளேயே தங்கினார்கள்.

இவ்வளவும் நடந்த இடத்தில் நின்றுகொண்டு, நான் கேட்டுவந்த சமாதானத்தை நினைத்துப் பார்த்தேன். கலக்கம் எல்லாம் ஓய்ந்த பிறகு வருவது சமாதானம் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியென்றால் பெத்லெகேமுக்கு அது வந்திருக்கவே முடியாது. அந்த இரவுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, இன்றுவரை இல்லை. ஏரோதின் வாள் கூர்மையாய் இருக்கும்போதே தூதர்கள் "பூமியிலே சமாதானமும்" என்று பாடினார்கள். அப்படியானால் அவர்கள் பாடினது அந்தப் பிள்ளையைப் பற்றி. அவர் உள்ளே வந்துவிட்டார் என்பதைப் பற்றி. "உலகம் கொடுக்கிறபிரகாரம் நான் உங்களுக்குக் கொடுக்கிறதில்லை" என்று அவரே பிற்பாடு சொன்னார். அதைச் சொன்னது, தாம் பிடிபட்ட கெத்செமனே தோட்டத்துக்குப் போவதற்குச் சற்று முன்பு. என் தூக்கமில்லாத இரவுகளை அவர் எடுத்துப்போடவில்லை என்று நான் முறையிட்டுக்கொண்டிருந்தேன். அந்த இரவுகளில் அவரும் விழித்திருந்தார் என்று அந்தக் குகையில் விசுவாசித்தேன். இப்போதும் விசுவாசிக்கிறேன்.

மத்தியானத்துக்குப் பிறகு பக்கத்து ஊரான பெத்சாகூரில், தூதர்கள் மேய்ப்பருக்குத் தோன்றினதாகச் சொல்கிற மேய்ப்பர் வெளிக்குப் போனோம். அங்கே அந்தோணியோ பார்லூட்சி என்கிற இத்தாலியக் கட்டடக் கலைஞர் 1950-களில் கட்டிய சிற்றாலயம், மேய்ப்பரின் கூடார வடிவில். கூரையில் பதித்த கண்ணாடிகள் வழியே வெளிச்சம் விழுகிறது, பாடினால் குரல் நின்று ஒலிக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது வெளியே உள்ள குகைகள், அடுப்புப் புகையேறிக் கறுத்த கூரையோடு.

நாங்கள் திரும்பி வந்த அதே ஆண்டு அக்டோபரில் காசா யுத்தம் தொடங்கியது. 2023-லும் 2024-லும் பெத்லெகேமில் பண்டிகைக் கொண்டாட்டங்களை நிறுத்திவிட்டு ஜெபத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆலயத்துக்கு முன்னாலுள்ள முன்னணைச் சதுக்கத்தில் மரமும் விளக்குகளும் இல்லை. யாத்திரீகர்கள் வராததால் விடுதிகளும் ஒலிவமரச் சிற்பக் கூடங்களும் மூடிக்கிடந்தன. தலைமுறை தலைமுறையாய் அந்த ஊரில் வாழ்ந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒவ்வொன்றாய் வெளிநாடு போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு காலத்தில் அவர்கள்தான் அங்கே பெரும்பான்மை. எங்களைக் கூட்டிக்கொண்டு போன வழிகாட்டியும் அவர்களில் ஒருவர். அவருக்கு வேலையில்லை. அவருக்காகவும் காசாவின் தாய்மாருக்காகவும், பிள்ளைகளை இழந்த இஸ்ரவேல் தாய்மாருக்காகவும் எங்கள் ஜெபக்கூட்டத்தில் தவறாமல் ஜெபிக்கிறோம். புண்ணிய பூமி பார்த்துவிட்டு வந்தோம் என்று புகைப்படம் காட்டுகிற நம் எல்லாருக்கும் அந்தக் கடமை இருக்கிறது.

டிசம்பர் 28, ஏரோதினால் கொல்லப்பட்ட குழந்தைகளைச் சபை நினைவுகூருகிற நாள். நம்மில் பலருக்கு அப்படி ஒரு நாள் இருப்பதே தெரியாது. கீத பவனி, கேக், புத்தாண்டு ஆராதனை என்று இடையில் அது போய்விடுகிறது. அந்த நாளில் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து சிலர், அந்த ஆண்டு ஒருவரை இழந்த வீடுகளுக்குப் போகிறோம். லூக்காவிலிருந்து மேய்ப்பர் பகுதியை வாசித்துவிட்டு, மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் ராகேல் அழுகிற வசனத்தையும் வாசிக்கிறோம். பண்டிகை நேரத்தில் அழுகை வசனம் எதற்கு என்று முதலில் சிலர் தயங்கினார்கள். வாசித்த வீடுகளில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. இந்த ஆண்டு போகவேண்டிய வீடுகளின் பட்டியல் மதினி கையில் இருக்கிறது, தெரு வாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.